காதல் நாவல்: எழுத உட்காரும் முன் வாசகியையும் சந்தையையும் அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாற்பது அத்தியாயம் எழுதி முடித்துவிட்டு, "அக்கா, இதை எங்கே போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். கதை நன்றாகவே இருக்கும். ஆனால் செயலியில் தொடராகப் போடலாம் என்றால், முதல் ஆறு அத்தியாயத்தில் நாயகனும் நாயகியும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். அமேசானின் கிண்டிலில் மின்நூலாகப் போடலாம் என்றால், ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் போன அத்தியாயத்தின் சுருக்கம் வந்து இடறும். அச்சுக்குக் கொடுக்கலாம் என்றால் எழுநூறு பக்கம் வரும். திருத்த உட்கார்ந்தால், புதிதாக எழுதுவதைவிட அதிக நாள் பிடிக்கும்.

யார் வாசிக்கப் போகிறார், எதில் வாசிக்கப் போகிறார் என்ற இரண்டும் காதல் நாவலின் உருவத்தையே முடிவு செய்கின்றன. அத்தியாயத்தின் நீளம், கல்யாணம் நடக்கும் இடம், ரொமான்ஸ் காட்சியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது வரை எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. அதனால் அந்த இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்வது தமிழில் குடும்பப் பின்னணியில் காதல் கதை எழுத வருகிறவர்களுக்கான வரிசை. வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான பதிலைத் தருகிறது.

தொடங்கும் முன் தேவையானவை

இருநூறு பக்க நோட்டு ஒன்று. ஒரு மாத வாசிப்பு நேரம், நாளுக்கு ஒரு மணி நேரமாவது. கதைச் செயலி ஒன்றில் வாசகியாக ஒரு கணக்கு. ஊரில் இன்னும் வாடகை நூலகம் இருந்தால் அதில் ஒரு மாதச் சந்தா. கையில் இரண்டு மூன்று கதைக் கருக்கள்.

கரு ஒன்றே ஒன்று இருந்தால் அதை விட மனசு வராது. வாசகி வேறு எதையோ தேடுகிறாள் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், இருக்கிற கருவுக்கு ஏற்ற மாதிரி அவளை வளைத்துப் பார்க்கத் தோன்றும். மூன்று இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிடலாம். ஆறாவது படி முடியும்வரை எந்தக் கதையிலும் முதல் அத்தியாயம் எழுத வேண்டாம்.

1. ஒரே ஒரு வாசகியைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லாரும் படிக்கணும்" என்பது ஆசை. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒருவரைத் தேர்ந்தெடுத்தால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுக்க முடியும்.

வயது, ஊர், வேலை என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நான் எழுதச் சொல்லும் கேள்விகள் வேறு: எந்த நேரத்தில் வாசிக்கிறார்? எதில்? ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் கிடைக்கும்? பக்கத்தில் யார் இருப்பார்கள்?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஹாலில் மாமியார் சீரியல் பார்க்கும்போது அதே சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து போனில் வாசிக்கும் மருமகளுக்கு, திரையில் என்ன எழுதியிருந்தாலும் பிரச்சினை இல்லை, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதே கதை ஆடியோவாகி, அடுப்படியில் சத்தமாக ஓடும்போது பக்கத்தில் பத்து வயதுப் பையன் டிபன் பாக்ஸுக்காக நின்றால், அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் நிறுத்துவாள். அடுத்த முறை உங்கள் கதையைப் போடத் தயங்குவாள்.

நான் ஒரு கதைக்கு எழுதிய குறிப்பு இது. கற்பனைப் பெண்தான், ஆனால் நான் பார்த்த பலரின் சாயல் உண்டு:

"திருப்பூர். 34 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பிள்ளைகள். திரும்பி வரும் பஸ்ஸில் 25 நிமிடம், ராத்திரி பத்தரைக்கு மேல் விளக்கணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம். காசு கொடுத்து வாங்க யோசிப்பாள். பிடித்துவிட்டால் பழைய கதைகளையெல்லாம் தேடிப் படிப்பாள். புருஷன் திட்டி ஹீரோயின் அழுகிற காட்சியில் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் கதையை விடமாட்டாள். ஹீரோயின் பதில் பேசாமலே இருந்தால் விட்டுவிடுவாள்."

இவ்வளவு தெரிந்ததும் அத்தியாயத்தின் அளவு தானாக வந்துவிட்டது. பஸ்ஸில் 25 நிமிடத்தில் ஒரு அத்தியாயம் முடிய வேண்டும். ராத்திரி ஒன்று படித்துவிட்டு, இன்னொன்று படிக்கலாமா என்று நினைக்கிற இடத்தில் நிற்க வேண்டும்.

வேறு வாசகிகளும் உண்டு. பத்திரிகைத் தொடர்கதைகளில் வளர்ந்து, இன்றும் புத்தகமாகத்தான் வாசிப்பேன் என்கிறவர்களுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கதை ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வாசிப்பவர்களில் பலர், ஊரின் மணத்துக்காகவே வாசிக்கிறார்கள். திருவிழா, பந்தி, தோட்டம் என்று நீங்கள் ஒரு பத்தி நீட்டினாலும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். இலங்கை வாசகிகள் கணிசம், எழுதுகிறவர்களும் கணிசம். தமிழகத்துச் சாதி வழக்கங்களும் பேச்சு மொழியும் அவர்களுக்குத் தானாகப் புரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

2. அவர் வாசிக்கும் இடத்துக்குப் போய் ஒரு மாதம் வாசியுங்கள்

இங்கே வரும் முதல் தவறு, 'டாப்' பட்டியலை மட்டும் பார்ப்பது. அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் பத்து வருடமாக எழுதி, தங்களுக்கென்று வாசகர்களைச் சேர்த்தவர்கள். அவர்கள் எதை எழுதினாலும் அந்த வாசகர்கள் வாசிப்பார்கள். அந்தக் கதை அதன் கான்செப்ட்டால் ஓடுகிறதா, எழுதியவரின் பெயரால் ஓடுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. புதிதாக வந்து, முதல் அல்லது இரண்டாவது கதையிலேயே கவனம் பெற்ற நாலைந்து பேரைத் தேடுங்கள். அவர்களுக்கு வாசகியை இழுத்தது கதை மட்டும்தான். கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

முடிந்த கதைகளாகப் பத்து எடுங்கள். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். நாயகனும் நாயகியும் எந்த அத்தியாயத்தில் நேருக்கு நேர் பார்க்கிறார்கள், கல்யாணம் எங்கே, முதல் சிரிப்பு எங்கே, பிரிவு எங்கே தொடங்கி எத்தனை அத்தியாயம் நீடிக்கிறது, எதிரி வீட்டுக்குள்ளேயா வெளியேயா, கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு எபிலாக் (பின்கதை) உண்டா. பத்துப் பக்கம் நிரம்பியதும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். உங்கள் வாசகி எதற்கு எவ்வளவு நேரம் பொறுப்பாள் என்பது அதில் தெரியும்.

வாடகை நூலகம் கிடைத்தால் விடாதீர்கள். சென்னை ராயப்பேட்டையில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி போல நீண்ட நாள் நின்றவை உண்டு. சிற்றூர்களில் ஒற்றை அறையில் நடப்பவையும் சில மிச்சம் இருக்கின்றன. புத்தகத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தால், தேதிகளின் இடைவெளியைப் பாருங்கள். நான்கு நாள், ஐந்து நாள், மூன்று நாள் என்று முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் அந்தப் புத்தகம் அலமாரிக்கே வரவில்லை, கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு முத்திரைக்குப் பிறகு ஒரு வருடம் வெறுமை என்றால், எடுத்தவர்கள் அடுத்தவருக்குச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு நூலகக்காரர், புத்தகம் திரும்பி வரும்போது பக்க மடிப்பைப் பார்ப்பார். முப்பதாவது பக்கத்தில் மடிப்பு இருந்து அதற்குப் பிறகு இல்லாவிட்டால், "இது அங்கேயே நின்னுடுச்சும்மா" என்பார். அந்த முப்பதாவது பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நாயகியின் தாத்தா சொத்து வாங்கிய கதை அங்கே தொடங்கியிருந்தது.

3. கமென்ட்களைப் பிரித்து வாசியுங்கள்

தொடர்கதைக்கு வரும் கமென்ட்கள் போல வெளிப்படையான சந்தைத் தகவல் வேறெங்கும் இலவசமாகக் கிடைக்காது. ஆனால் எல்லாக் கமென்ட்டுக்கும் ஒரே எடை இல்லை.

"சூப்பர் சிஸ்", "அருமை மா", பூங்கொத்து ஸ்டிக்கர்: இவை அன்பு. எழுதுகிறவருக்குத் தெம்பு தரும், உங்கள் ஆய்வுக்கு உதவாது. "அடுத்த யூடி எப்போ?" (யூடி என்றால் அப்டேட், அடுத்த அத்தியாயம்) என்பது அத்தியாயம் நின்ற இடம் சரி என்பதைச் சொல்கிறது. "அவ ஏன் அவன்கிட்ட நேரா கேக்கல?" என்று ஐந்து பேர் கேட்டால், அந்தப் பிணக்கு செயற்கையாக இருக்கிறது; ஒரு போன் காலில் தீர்ந்துவிடக்கூடியதை எட்டு அத்தியாயம் இழுத்திருக்கிறார்கள். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் கதையில் அதே ஓட்டை வரும்.

கோபத்திலும் இரண்டு வகை. "இவன் எல்லாம் மனுஷனா, இவளுக்கு இவ்ளோ பண்றான்" என்பது பாத்திரத்தின் மீது கோபம். அந்த வாசகி நாளைக்கும் வருவாள். "ஏன் ரைட்டர் ஜி இப்படிப் பண்றீங்க, முதல்ல இப்படிச் சொல்லலையே" என்பது உங்கள் மீது கோபம். கதை கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்று அர்த்தம். அவள் போய்விடுவாள்.

கமென்ட்டே போடாதவர்கள்தான் பெரும்பாலானவர்கள். அவர்களை எண்ணிக்கையில் மட்டும்தான் பார்க்கலாம். ஒரு தொடரின் முதல் அத்தியாயத்துக்கு ஆயிரம் வாசிப்பு, ஐந்தாவதுக்கு நானூறு, பத்தாவதுக்கு முந்நூற்றெண்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிரச்சினை ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிறது; அதற்குப் பின் தங்கியவர்கள் கடைசிவரை வருவார்கள். இருபதாவது அத்தியாயத்தில் சரிந்தால், அநேகமாகப் பிரிவு நீண்டுவிட்டது.

4. கான்செப்ட் கொடுக்கும் வாக்கைக் கண்டுபிடியுங்கள்

கட்டாயக் கல்யாணம், மாற்று மணப்பெண், ஒப்பந்தக் கல்யாணம், பிரிந்த தம்பதி மீண்டும் சேர்வது, மறுமணம், அத்தை மகன், ஆன்டி ஹீரோ, ஆபீஸ் முதலாளி. சந்தையில் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வாசகிகள் கதை தேடுகிறார்கள். புதியவர்கள் இவற்றைக் கேட்டதும் 'தேய்ந்த விஷயம்' என்று ஒதுக்குகிறார்கள், அல்லது நான்கைந்தை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. ஒவ்வொரு பெயரும் வாசகிக்கு ஒரு வாக்கு. அது என்ன வாக்கு என்று தெரியாமல் அந்தப் பெயரைப் போடக்கூடாது.

கல்யாணத்துக்குப் பின் வரும் காதல் நம்மிடம் ஏன் இவ்வளவு ஓடுகிறது? தாலி ஏறியவுடன் இரண்டு அந்நியர்கள் ஒரே அறைக்குள் வந்துவிடுகிறார்கள். வீட்டார் கேள்வி கேட்க முடியாது, வாசகிக்கும் குற்ற உணர்வு இல்லை. இனி அவன் அவளை எப்போது நிமிர்ந்து பார்ப்பான் என்பது மட்டும்தான் கேள்வி. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் வாழும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி நெருக்கமானது. இது புரிந்தால், கல்யாணத்தைப் பதினைந்தாவது அத்தியாயத்தில் வைக்க மாட்டீர்கள். மூன்றாவதுக்குள் முடித்துவிட்டு, அந்த அறைக்குள் நேரம் செலவிடுவீர்கள். போர்வை ஒன்றுதான் இருக்கிறது, அலமாரியில் அவளுக்கு ஒரு தட்டைக் காலி செய்து கொடுக்கிறான், காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று மாமியாரிடம் கேட்கக் கூச்சப்பட்டு அவனிடம் கேட்கிறாள். வாசகி வந்தது இவற்றுக்காகத்தான்.

ஆன்டி ஹீரோ கதையின் வாக்கு, அவன் முரடன் என்பது அல்ல. அவன் ஒருநாள் உடைவான், உணர்வான், கேட்பான் என்பது. அவன் செய்த கொடுமைக்குப் பதினைந்து அத்தியாயம், மன்னிப்புக்கு அரை அத்தியாயம் என்று வைத்தால் வாசகி ஏமாந்துவிடுகிறாள். இதில் என் நிலை வெளிப்படையானது: கை நீட்டுவதையும் பலவந்தத்தையும் காதலின் அடையாளமாக எழுதக் கூடாது. விற்கிறது என்று சொல்வார்கள். அந்தக் கதைகளின் கீழே, "என் வீட்லயும் இப்படித்தான், ஆனா அவர் மாறவே இல்ல" என்று ஒரு பெண் எழுதியதைப் படித்தபின் என்னால் அதைச் சந்தைக் கணக்காக மட்டும் பார்க்க முடியவில்லை.

அத்தை மகன், மாமன் மகள் கதைகளை எடுத்தால் ஊர் முக்கியம். மாமா, மச்சான், அத்தான் என்று அழைப்பது ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். ஒரு வட்டாரத்தில் கொஞ்சலாக விழும் சொல் இன்னொரு வட்டாரத்தில் வெறும் உறவுமுறை. இளைய வாசகிகளில் சிலருக்கு முறைப் பையன் கதையே ஒவ்வாது. உங்கள் நோட்டில் இருக்கும் வாசகி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

முடிவு சுபமாக இருக்க வேண்டும். சோகத்தில் முடிக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதைக் காதல் நாவல் என்ற பெயரில் போடாதீர்கள். சமூக நாவல் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். முப்பது ராத்திரி கூடவே வந்தவளுக்கு அந்த நியாயம் செய்ய வேண்டும்.

5. எதில் வெளியிடுவது என்று முடிவு செய்யுங்கள்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதையின் அளவும் நடையும் அதற்கேற்ப மாறும். அதனால்தான் இந்தப் படி எழுதுவதற்கு முன்னால் வருகிறது.

*தொடர்.* பிரதிலிபி போன்ற செயலிகளும், எழுத்தாளர்களே நடத்தும் கதைத் தளங்களும். அத்தியாயம் ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு சொல் இருந்தால் போனில் ஒரே உட்காரலில் முடியும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கேள்வியைத் திறந்துவிட்டு நிற்க வேண்டும். புதியவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தவறு எந்த அத்தியாயத்தில் என்று உடனே தெரிந்துவிடும். பணம் மெதுவாகத்தான் வரும்.

*கிண்டில்.* முழுக்கதையாக விற்பது. இங்கே இரண்டு விதிகளைத் தெரியாமல் நுழைகிறவர்கள் அதிகம். கேடிபி என்பது அமேசானில் நாமே மின்நூல் வெளியிடும் தளம். அதன் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால்தான், சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் உங்கள் புத்தகத்தை எடுக்க முடியும். அவர்கள் வாசிக்கும் பக்கங்களுக்கு ஏற்ப உங்களுக்குப் பணம். இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 சதவீத ராயல்டி கிடைக்கவும் செலக்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35. அதற்கு ஈடாக, 90 நாள்களுக்கு அந்தக் கதையின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை மட்டும் வெளியே வைக்கலாம். 90 நாள் முடிந்ததும், நீங்களே நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, தொடராகப் போட்ட கதையைத் தளத்திலிருந்து எடுக்காமலே செலக்டில் சேர்த்துவிட்டாள். இரண்டாவது வாரம் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. அவள் எடுத்துவிட்டாலும், வாசகக் குழு ஒன்றில் வேறொருவர் சேமித்துப் போட்டிருந்த நகல் அப்படியே இருந்தது. அதை எடுக்க வைப்பதற்குள் படாத பாடு பட்டாள். தொடரை முடித்ததும் "இன்னும் பத்து நாளில் கதையை எடுத்துவிடுவேன்" என்று தேதி சொல்லி, அந்தத் தேதியில் எடுத்து, தேடிப் பார்த்து, பிறகு சேருங்கள்.

பக்கத்துக்குப் பணம் என்பதால் கதையை இழுக்கத் தோன்றும். வாசகி பாதியில் நிறுத்தினால் மீதிப் பக்கங்களுக்கு எதுவும் வராது. முடிக்கப்படும் இருநூறு பக்கம், கைவிடப்படும் ஐந்நூறு பக்கத்தைவிட நல்லது.

*அச்சு.* பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மாத நாவல் ஒரு பயணத்தில் முடிய வேண்டியது. குறுநாவல் அளவு, பாத்திரங்கள் குறைவு. வாடகை நூலகங்களுக்கும் கடைகளுக்கும் போகும் குடும்ப நாவல் அதைவிடப் பெரியது. பெரும்பாலான பதிப்பகங்கள், சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் டிசம்பர், ஜனவரியை ஒட்டி பபாசி (புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம்) நடத்தும் புத்தகக் காட்சியை மனதில் வைத்துத்தான் புதிய நூல்களைத் தயாரிக்கின்றன. கார்த்திகையில் கையெழுத்துப் பிரதியை நீட்டினால் யாருக்கும் பார்க்க நேரமிருக்காது. ஆவணிக்குள் கொடுங்கள்.

*ஆடியோ.* யூடியூபில் ஆடியோ நாவல் கேட்பவர்கள், தையல் மெஷினிலும் அடுப்படியிலும் கை வேலையாக இருப்பவர்கள். பக்கத்தில் தெளிவாக இருக்கும் உரையாடல் காதில் குழம்பிவிடும்.

"வந்தாச்சா?"
"ம்."
"சாப்பிட்டீங்களா?"
"பசிக்கல. பால் இருக்கா?"
"இருக்கு."

ஒரே குரல் வாசிக்கும்போது மூன்றாவது வரியில் யார் பேசுகிறார் என்று தெரியாது. "வந்தாச்சா?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் மீனா; அவன் ஷூவைக் கழற்றியபடியே "ம்" என்றான் என்று ஆளையும் அசைவையும் இடையில் வைத்தால் போதும். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களும் வேண்டாம். ரேவதியும் ரேணுகாவும் ஒரே வீட்டில் இருந்தால் கேட்பவர் தொலைந்துபோவார்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் தொடர், முடிந்ததும் திருத்தி கிண்டில், அதில் வரும் வாசிப்பைப் பார்த்து அச்சு, பிறகு ஆடியோ. தொடரில் கிடைத்த கருத்துகளை வைத்துத் திருத்திய பிரதிதான் விலைக்குப் போகிறது. காசு கொடுக்கும் வாசகிக்குச் சரியான பிரதி கிடைக்கும்.

6. ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்

வாசகி, கான்செப்ட், வாக்கு, வெளியிடும் இடம், அத்தியாய எண்ணிக்கை, கல்யாணம் எந்த அத்தியாயத்தில், பிரிவு எவ்வளவு நீளம், முடிவு. ஒரே பக்கம். இதை எழுதும்போது உங்கள் மூன்று கருக்களில் ஒன்று தானாக முன்னால் வந்து நிற்கும்.

அதே பக்கத்தின் அடியில் கதைச் சுருக்கத்தையும் எழுதிவிடுங்கள். கதை முடிந்தபின் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், கதையே என்னவென்று தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பீர்கள். புதியவர்கள் எழுதும் சுருக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "காதல் என்றால் என்ன? விதி இரு மனங்களை எப்படி இணைக்கும்? வாருங்கள் வாசிப்போம் நட்பூக்களே!" இது எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனால் எந்தக் கதையையும் விற்காது. இப்படி மாற்றிப் பாருங்கள்: "அக்கா கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்தவள், முகூர்த்த நேரத்தில் அதே மணையில் மணப்பெண்ணாக உட்கார்கிறாள். தாலி கட்டியவன் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை." கான்செப்ட் எது, எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இரண்டு வரியில் வாசகிக்குக் கிடைத்துவிட்டது.

தலைப்பை முடிவு செய்யும் முன் தேடிப் பாருங்கள். உயிர், நெஞ்சம், காதல், நீ, நான் இவற்றை வரிசை மாற்றிப் போட்ட தலைப்புகள் ஏராளம். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே நான்கு கதை இருந்தால், தோழி சொல்லித் தேடும் வாசகி வேறொருவர் கதையைத் திறப்பாள். அட்டைப் படத்துக்கு நடிகர் நடிகையர் முகத்தை எடுத்து ஒட்ட வேண்டாம். தொடரில் பலர் செய்கிறார்கள் என்பதற்காக விற்பனைக்கும் செய்யலாம் என்று ஆகாது.

7. மூன்று அத்தியாயம் எழுதிச் சோதியுங்கள்

இப்போது எழுதலாம். மூன்று மட்டும். உங்கள் குறிப்பில் உள்ள பெண்ணைப் போன்ற ஐந்து பேரிடம் கொடுங்கள். கணவர், தங்கை, எழுத்தாளத் தோழி வேண்டாம். முதல் இருவர் உங்களைப் பார்த்துப் பேசுவார்கள், மூன்றாமவர் எழுத்தைப் பார்த்துப் பேசுவார்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீங்க? அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? இவங்க ரெண்டு பேர் பெயர் ஞாபகம் இருக்கா?" இந்த மூன்றையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஐந்து பேரும் ஒரே திசையில் பதில் சொன்னால், வாக்கு சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாயகனின் பெயர் யாருக்கும் நினைவில்லை என்றால் அவன் இன்னும் கதைக்குள் வரவில்லை. அப்போது நான்காவதை எழுதாமல், முதல் மூன்றையே மீண்டும் எழுதுங்கள்.

8. தொடர் ஓடும்போது

பத்து அத்தியாயம் கையிருப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் ஒரு சாவு, மின்வெட்டு எல்லாம் வரும். செவ்வாய், வெள்ளி என்று சொன்னால் செவ்வாய், வெள்ளிதான். கிழமை மாறினால் வாசகி இரண்டு முறை வந்து பார்ப்பாள், மூன்றாவது முறை மறந்துவிடுவாள்.

காலண்டரைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அம்மாவுக்கும் அதே தேர்வுதான். முக்கியமான திருப்பத்தை அப்போது வைக்காதீர்கள். தீபாவளி வாரத்தில் அத்தியாயம் சுருங்கலாம், நிறுத்த வேண்டாம்.

கமென்ட்டைப் பார்த்து முடிவை மாற்றாதீர்கள். பிணக்கு இழுக்கிறது என்றால் இரண்டு அத்தியாயம் முன்னதாகத் தீர்க்கலாம், வழி மாறலாம். ஒரு பக்கத் திட்டத்தில் எழுதிய வாக்கு மாறக் கூடாது. அதை நம்பி வந்து, எதுவும் எழுதாமல் வாசித்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

9. உரிமையும் ஒப்பந்தமும்

கதை எழுதப்பட்ட கணத்திலிருந்தே காப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. யாராவது உரிமையை வாங்க வந்தால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி, எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். அதனால் வாய்ப்பேச்சில் "எல்லாம் எங்களுக்கே" என்று சொன்னால் பயந்துவிட வேண்டாம். தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அச்சு, மின்நூல், ஆடியோ, மொழிபெயர்ப்பு, திரைவடிவம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அச்சுக்குக் கேட்டு வந்தவருக்கு ஆடியோவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு தன் கதையையே தன் சேனலில் போட முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. கிண்டில் மின்நூலுக்கு அது தேவையும் இல்லை.

பிடிஎஃப் திருட்டை முழுமையாகத் தடுக்க முடியாது. குழுக்களில் உங்கள் கதை வந்தால், அந்தத் தளத்தின் புகார் வழியில் இணைப்புடன் புகார் கொடுங்கள். கேட்டுப் பாருங்கள்: அநேகமாக அதை உங்களுக்குத் தெரிவிப்பதே உங்கள் வாசகிகளில் ஒருவர்தான்.

10. கதை முடிந்த மறுவாரம்

நோட்டை எடுங்கள். உங்கள் கதைக்கும் அதே ஒரு பக்கம்: எந்த அத்தியாயத்தில் சரிவு, எதில் கமென்ட் கூடியது, எந்தக் கேள்வி அடிக்கடி வந்தது. பிறகு முதல் படியில் எழுதிய வாசகிக் குறிப்பை வாசியுங்கள். திருப்பூர்ப் பெண்ணுக்காக நான் எழுதிய கதைக்குக் கடைசிவரை வந்தவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், மகள் போனில் போட்டுக் கொடுத்த செயலியில் வாசித்தவர்கள். "எழுத்தைப் பெரிசாக்கிப் படிச்சேன்மா, உன் மாமியார் பாத்திரம் எங்க அக்காவேதான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த கதையின் குறிப்பை அந்த அம்மாவிலிருந்து தொடங்கினேன்.